மச்சாளும் நானும் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையும்

என் கறியில் உப்புக் கூடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்கியது. மகள் பட்டம் பெற்றதற்கு செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். குசினிக்குள் அடுப்பைச் சுற்றி நிறையப் பெண்கள். என் கணவரின் தங்கை, என் மச்சாள், ஆட்டிறைச்சிக் கறியை அகப்பையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள், தோலைச் சீவினாள், இரண்டாக வெட்டிச் சட்டிக்குள் போட்டாள். உப்புக் கூடின கறிக்குத்தான் அப்படிப் போடுவது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். என் மானம் கப்பலேறிவிட்டது.

அன்றோடு மச்சாளும் நானும் கோபம். எங்கள் ஆட்களிடம் கோபம் என்றால் கத்துவதில்லை, கதைக்காமல் விட்டுவிடுவது. இரண்டு வருடம் அப்படியே போனது. அதற்கு முன் தினமும் பின்னேரம் போனில் ஊர் உலகத்தையெல்லாம் அலசி முடித்துவிட்டுத்தான் உலையே வைப்போம். பிறகு எனக்குக் கணவர்தான் மிச்சம். அவரிடம் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். எனக்கு வாய் அரித்தது. அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனாலும் நான் ஏன் முதலில் கதைக்க வேண்டும்? கறி என்னுடையதல்லவா!

இதற்கிடையில் டொக்டர் டயபிட்டிஸ் என்று சொல்லி, வெளியே போய் உடம்பை அசைக்கச் சொன்னார். எங்கள் பூங்காவுக்குப் பின்னால் ஒரு லோன் போல்ஸ் கிளப் இருந்தது. போய்ச் சேர்ந்தேன். சீராக வெட்டிய புல்தரையில் ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். அதற்குக் கிட்டப் போய் நிற்கிற மாதிரிப் பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பெரிய பந்து நேரே போகாது. எப்போதும் ஒரு பக்கம் வளைந்துதான் போய்ச் சேரும். என் கணவர் வீட்டாரோடு இத்தனை வருடம் பழகியவளுக்கு அது ஒரு கஷ்டமா?

நான் சேர்ந்த செய்தி மச்சாள் இருக்கிற குட்மேய்ஸுக்கு எட்டியதும் அவளும் வந்து சேர்ந்தாள். காலில் என்னுடையதைவிட வெள்ளையான சப்பாத்தோடு வந்தாள். நான் போவது செவ்வாய், அவள் வியாழன். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் வெளிக்கிட்டுப் போகிற ஒரே இடம் அதுதான் என்று கணவர் சொன்னார். "ம்" என்றேன்.

கிளப்போ சாகும் தறுவாயில் சேடம் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கத்தவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பெலும்பு மாற்றியாயிற்று. பக்கத்து வட்டாரக் கிளப்பை மூடி, அதன் புல்தரையில் மாடிவீடு கட்டிவிட்டார்கள். பிராந்தியப் போட்டிக்கு இந்த முறையும் ஆள் நிறுத்தாவிட்டால் இடத்தைக் கார் நிறுத்த எடுத்துவிடுவோம் என்று எங்களுக்கும் கவுன்சில் சொல்லிவிட்டது. வெல்லவேண்டும் என்றில்லை, கடைசிப் பந்து வரைக்கும் ஆடினால் போதும். கிளப்பின் தலைவி எண்பது வயது ஆங்கிலேயப் பெண்மணி. பெண்கள் இரட்டையருக்கு எழுந்து நிற்கக்கூடிய இரண்டு பேரைத் தேடினார். நாங்கள்தான் அகப்பட்டோம். "நீங்கள் ஒரே குடும்பம், எவ்வளவு வசதி!" என்று கையைத் தட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருத்தி பந்து உருட்டும்போது மற்றவள் எதிர்முனையில் ஜாக்குக்குப் பக்கத்தில் நின்று எப்படி விடுவது என்று சொல்ல வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். மாறும்போது நடுவில் ஒருவரையொருவர் கடக்க வேண்டும். மற்றவர்கள் அப்போது கையில் தட்டிக்கொள்வார்கள். போட்டியன்று, எங்கள் கிளப்பின் தரையிலேயே, மச்சாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆனால் வழி சொல்லாமல் எப்படி ஆடுவது? மச்சாள்தான் வழி கண்டுபிடித்தாள். கோபமானவர்கள் ஒரு வீட்டில் இருந்தால் பூனையைப் பார்த்தோ சட்டியைப் பார்த்தோ சாடையாகச் சொல்வது வழக்கம்தானே. புறாக்களைத் துரத்த வேலிக்கட்டையில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையை வைத்திருந்தார்கள். மச்சாள் அதன் பக்கம் திரும்பினாள்.

"ஆந்தையார், இடப்பக்கத்தாலை மெல்ல விட்டா நல்லது எண்டு சில பேருக்குச் சொல்லும்!"

விட்டேன். பந்து வளைந்து போய் ஜாக்கை உரசிக்கொண்டு நின்றது. அவளுடைய முறை வந்ததும் நானும் ஆந்தையிடம் சொன்னேன்.

"ஆந்தையார், சில பேர் அவசரப்படாமல் குனிஞ்சு விட்டா இன்னும் கிட்ட வருமாம்!"

எதிரணி, ஒரே நிறத் தொப்பி போட்ட இரண்டு நெடிய பெண்கள். அவர்கள் முதலில் சிரித்தார்கள். நாங்கள் புள்ளிகளில் முந்தியதும் சிரிப்பு நின்றது. அந்தப் பறவையிடமிருந்து எங்களுக்கு ஏதோ சைகை வருகிறது என்று நடுவரிடம் போய் முறையிட்டார்கள். நடுவர் ஆந்தையைத் தட்டிப் பார்த்தார், கவிழ்த்து அடியில் பார்த்தார், கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு தட்டுத்தடுமாறி ஆடினோம். அவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். கடைசியில் புள்ளிகள் சமம், ஒரு பந்துதான் மிச்சம், அது என் கையில். எதிர்முனையில் எது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மச்சாளைப் பார்த்தேன். அவள் ஆந்தை இருந்த கட்டையைப் பார்த்தாள். ஆட்டத்தைப் பார்க்க வந்து ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கவுன்சில்காரர் சான்ட்விச்சைக் கடிக்காமல் வைத்திருந்தார். நேரம் போனது. பந்தை விடாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வேன் என்று நடுவர் சொன்னார். தலைவி கண்ணைப் பொத்திக்கொண்டார். நான் அசையவில்லை. என்ன பிடிவாதமோ தெரியாது, பந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சாள்!"

இரண்டு வருடமாக என்னைக் கூப்பிடாத குரல்.

"வலப்பக்கத்தாலை விடுங்கோ மச்சாள்! கொஞ்சம் வேகமா!"

விட்டேன். சந்தோஷத்தில் கை கொஞ்சம் கூடிப்போனது. பந்து அவள் அருமையாக வைத்திருந்த பந்தை மோதி, அதையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்து வாய்க்காலுக்குள் விழுந்தது. தோற்றுவிட்டோம். ஆட்டம் முடிந்தது என்று நடுவர் கையெழுத்துப் போட்டார், கவுன்சில்காரர் தலையாட்டிவிட்டுச் சான்ட்விச்சைக் கடித்தார், கிளப் பிழைத்தது. அதையெல்லாம் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

"கொஞ்சம் வேகமா எண்டு தானே சொன்னனான்! பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி விட்டிட்டீங்கள்!"

"கொஞ்சம் எண்டா எவ்வளவு? உங்களுக்கு எப்பதான் ஒண்டை முழுசாச் சொல்லத் தெரியும்?"

"என்ரை பந்து எவ்வளவு வடிவா நிண்டது!"

"என்ரை கறியும் வடிவாத்தான் இருந்தது! உருளைக்கிழங்கைப் போட்டது ஆர்?"

"உப்பு மச்சாள்! வாயிலை வைக்க ஏலாத உப்பு!"

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"அத்தனை சனத்துக்கு முன்னாலை உங்களை எப்பிடிச் சொல்லுறது? அதாலைதானே சத்தம் போடாமல் போட்டனான்!"

அப்படியென்றால் இரண்டு வருடம் ஏன் கதைக்கவில்லை என்று அவளைவிடச் சத்தமாகக் கேட்டேன், அவளும் விடவில்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வேறு. தலைவி பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடி, ஆந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

"வேண்டாம்," என்றேன். "நாங்கள் கதைக்கிறோம்."