ஐஸ்பெட்டியில் கிடந்த விலாங்கு

ஜீவராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள்; சிரிப்பாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தச் சிரிப்புக்குப் பயப்படாத ஆள் இல்லை. தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் காலையில் பால் வெட்டு, மத்தியானம் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரையின் பங்களாவில் சமையல். தமிழைப் போலவே சிங்களமும் சரளமாகப் பேசுவாள்.

எங்கள் ஓயாச் சிற்றாற்றின் விலாங்குகள் களனி ஆற்றோடு இறங்கி, கடலுக்குப் போய்த்தான் முட்டையிடுமாம். கடலில் எந்த இடம் என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லையாம். அதைத் தேடி வந்த ஆராய்ச்சிக்காரி தனுஜா, சில விலாங்குகளின் வயிற்றில் சிக்னல் கருவி வைத்துத் தைத்து, ஓயாவின் ஆழமான மடுவில் திரும்ப விட்டாள். அந்த மடுவுக்குக் காவல் ஜீவராணியின் புருஷன் ஏழுமலை.

கடலுக்குக் கிளம்ப இருந்த பெரிய விலாங்கு ஒருநாள் காணாமல் போனது. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், "ஏழுமலைதான் திருடி வித்திருக்கான்" என்று சின்னத்துரை தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொன்னார். காவல் வேலை போனது. அந்த மனுஷன் அதன்பிறகு நிமிர்ந்து நடக்கவே இல்லை.

அன்று மத்தியானமே பங்களா ஐஸ்பெட்டியில் அந்த விலாங்கைக் கண்டாள் ஜீவராணி. முழுசாக, வயிற்றுத் தையலோடு கிடந்தது. ரகசியமாகத் தனுஜாவுக்குப் போன் போட்டாள். அவள் கொழும்பிலிருந்து வர ஒரு வாரமாகும். அதுவரை விலாங்கு சட்டிக்கும் போகக்கூடாது, குப்பைக் குழிக்கும் போகக்கூடாது. துரை விலாங்குக் கறி கேட்டபோதெல்லாம், "மழ நாள்ல இது ஒடம்புக்கு ஆகாதுங்க தொரை" என்று சிரித்துக்கொண்டே கோழியை வைத்தாள். அத்தனை ருசியாக அவள் ஏழுமலைக்குக்கூட ஆக்கிப்போட்டதில்லை. பாவித் துரை, வயிறு புடைக்கத் தின்றான்.

தனுஜா சிக்னல் பிடிக்கும் ஏரியல் கருவியோடு வந்தாள். ஜீவராணி அவளை நேராகப் பங்களாக் குசினிக்கு அழைத்துப்போனாள். பின்னாலேயே பாதி லயமும் போனோம். ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்ததும் அவள் கையிலிருந்த கருவி கீக் கீக் என்று கத்தியது. சின்னத்துரையின் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை.

"பிழை நடந்திருச்சி ஜீவராணி. மன்னிப்புக் கேக்கிறேன்."

"இங்க வேணாங்க தொரை. நாளைக்குப் பிரட்டுல."

மறுநாள் தலையைக் குனிந்தபடி, "ஏழுமலை திருடல்ல, நான்தான் எடுத்தேன்" என்று தமிழில் சொன்னார். பிறகு சிங்களத்திலும் சொன்னார். ஏழுமலை நிமிர்ந்து நின்றான். ஜீவராணி சிரித்தாள்.

"சிங்களத்துல சொன்னது சரியா கேக்கலீங்க தொரை. இன்னொருக்கா சொல்லுங்க."