கொதிக்காத தண்ணீரும் ஒரு பிடி சீரகமும்

என் மனைவிக்கு டைபாய்டை வரவழைத்தவன் நான்தான். பழியைச் சுமப்பவள் அவளுடைய தங்கை. சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம், எழுந்தும் போகலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா. அந்த மழைக்காலத்தில் அது சாக்கடையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. நகராட்சி ஆட்டோ தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போயிற்று: "தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடிக்கவும்!"

என் மனைவி ரெஜினா ஆசிரியை. காலையில் பள்ளிக்கு ஓடுவாள். என் அலுவலகமோ சாவகாசமானது. ஆகவே தண்ணீர் காய்ச்சும் இலாகா எனக்கு வந்தது.

ஒரு பானைத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரமாகும்? எனக்குத் தெரியாது... நான் காத்திருந்ததே இல்லை! கையில் தடித்த நாவல். உலகத்துத் துயரமெல்லாம் என் தோளில் இருக்கையில் அடுப்படியில் யார் நிற்பது?

நம் வீடுகளில் காய்ச்சிய தண்ணீருக்கு அடையாளம் என்ன? சீரக வாசம், இளமஞ்சள் நிறம். ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு பிடி சீரகத்தைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, பானையிலிருந்த குழாய்த் தண்ணீரில் கலந்துவிடுவேன். நிறம் வந்தது, மணம் வந்தது, வெதுவெதுப்புகூட வந்தது.

நான் அதைக் குடித்தேனா? பேகம்பூர்க் கடை டீயிலேயே என் தாகம் தீர்ந்துவிடும். தற்செயல்தானா அது? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

ரெஜினா காய்ச்சலில் விழுந்தாள். தண்ணீரால் வந்த டைபாய்டு என்றார் டாக்டர்.

"எங்க வீட்ல இவரு சீரகம் போட்டுக் காய்ச்சித் தர்றாரு டாக்டர். தங்கச்சி வீட்டு விருந்துலதான் வெறுந்தண்ணி குடிச்சேன்" என்றாள்.

சின்னாளப்பட்டியில் இருக்கும் தங்கை ஜெசி, தன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வைத்த விருந்து அது. செய்தி கேட்டுக் கஞ்சியோடு ஓடிவந்தாள். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் கையால குடிச்சது போதும்டி. அம்புட்டுப் பேருக்குச் சோறாக்கத் தெரிஞ்சவளுக்குத் தண்ணி காய்ச்சத் தெரியலையாக்கும்!"

"மச்சான், சத்தியமா கொதிக்க வச்சு, ஆத்தித்தான் ஊத்துனேன். நீங்களாச்சும் சொல்லுங்க" என்று ஜெசி என்னைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. நான் சொன்னது வேறு:

"விடு ஜெசி... நீ என்ன, வேணும்னா செஞ்ச?"

பார்த்தீர்களா என் பெருந்தன்மையை! குற்றம் செய்யாதவளை மன்னித்தே குற்றவாளி ஆக்கிவிட்டேன். ரெஜினாகூட, "நல்ல மனுசன்" என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஜெசி கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

ரெஜினா பிழைத்தெழுந்தாள். ஆண்டுகள் கழித்துத்தான் அக்காவும் தங்கையும் மறுபடி பேசிக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, தவக்காலத்தில் மட்டன் சுக்கா தின்றதை ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் சாமியாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஜெசியிடம் போய்ச் சொல் என்பாரே!

இப்போதும் ஜெசி வீட்டுக்குப் போகிறோம். யார் போனாலும் அவள் நேராகத் தம்ளரை நீட்டுவதில்லை. முதலில் அடுப்படிக்கு அழைத்துப்போய், பானை மூடியைத் திறந்து காட்டுகிறாள்.

"பாத்துக்கங்க மச்சான், தளதளன்னு கொதிக்குது."

நானும் எட்டிப் பார்க்கிறேன். "ஆமாம்மா" என்கிறேன்.