புத்தூருக்கு பஸ் ஓடாத ஞாயிறுகள்

போன மாதக் கடைசியில் புத்தூரில் ஒரு நோயாளி வீட்டில், எங்கள் வக்கீல் ஒரு பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் எங்கள் சங்கத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

எந்தச் சங்கம் என்கிறீர்களா? பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்கிற பைத்தியங்களின் சங்கம். அத்தர் புட்டி, சர விளக்கு, பன்னீர்ச் செம்பு... ஜமீன் வீடுகள் நொடித்துப்போய் ஏலத்துக்கு வந்ததெல்லாம் எங்கள் அலமாரிகளில்தான் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, சித்தூரிலோ திருப்பதியிலோ யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். வடை, காப்பி, கொஞ்சம் பொறாமை.

எது கைக்கு வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்போம். வாயால் ஊதிச் செய்த கண்ணாடிக்கு அடியில் ஒரு வடு இருக்கும் — கம்பியிலிருந்து ஒடித்தெடுத்த இடம். அதற்கு நாங்கள் வைத்த பேர் தொப்புள். மெஷின் சரக்குக்கு அது கிடையாது. இந்தப் பழக்கம் முற்றிப்போய், கல்யாண வீட்டில் மோர் டம்ளரைக் கவிழ்த்து வேட்டியை நனைத்துக்கொண்ட மகானுபாவர்கள் எங்களில் உண்டு.

செங்கல்வராயன் எங்களில் மூத்தவர். திருத்தணிக்காரர், தாலுகா ஆபீசில் இருந்து ரிடயரானவர். கார்வேட்டிநகரம் ஜமீன் ஏலத்தில் அவர் எடுத்த நீலப் பன்னீர்ச் செம்பு மேல் சங்கத்தில் கண் வைக்காத ஆளே இல்லை. திருத்தணி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்ற எல்லைத் தகராறில் கல் பறக்க ஆரம்பித்ததும், புத்தூரில் டீச்சராக இருக்கும் மகள் தெய்வானை அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். சாமானெல்லாம் அவசர அவசரமாக லாரியில் வந்தது. வந்த கொஞ்ச நாளில் அவருக்குப் பக்கவாதம். படுத்த படுக்கை.

சங்கம் என்ன செய்தது? கூட்டத்தையே புத்தூருக்கு மாற்றியது! அதுவும் வாரா வாரம். சாத்துக்குடி என்ன, பிஸ்கட் என்ன... கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டுச் சிரிப்பும் பேச்சுமாக ஒரே அமர்க்களம். மனுஷர் முகத்தில் களை வந்தது. பேச்சு மட்டும் எப்போதும் அவர் உடம்பில் ஆரம்பித்து அலமாரியில் போய் நிற்கும். சங்கத்து விதி அப்படி — ஒரு மெம்பர் கண்ணை மூடினால், அவர் சாமான்களில் முதல் பாத்தியதை சங்கத்துக்கு.

அன்றைக்கு எங்கள் செகரட்டரி வக்கீல் சுப்பாராவ், அலமாரியைத் திறந்து பார்த்தே தீருவேன் என்று நின்றார். இன்னொரு நாள் பார்த்துக்கலாமே என்று செங்கல்வராயன் இழுத்தார். வக்கீல் கேட்கிற ஆளா? செம்பை எடுத்தார். கவிழ்த்தார். தொப்புள் இல்லை. வழவழவென்று இருந்தது.

வக்கீல் அதைப் பக்குவமாக உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், டூப்ளிகேட் என்றார். அங்கேயே சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சண்டை போட்டவர்கள் சமாதானத்துக்காவது திரும்பி வருவார்கள்.

அடுத்த ஞாயிறு ஒருத்தருக்குத் தலைவலி, இன்னொருத்தருக்குக் கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு சாக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் போனபோது தெய்வானை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அசல் செம்பு லாரியில் வரும்போதே சுக்குநூறாகிவிட்டதாம். செம்பு இல்லையென்று தெரிந்தால் யார் வரப்போகிறார்கள் என்று அப்பா குழந்தை மாதிரி அழுதாராம். பார்க்கச் சகிக்காமல், தெய்வானைதான் மெட்ராஸ் போய் அதே சாயலில் ஒன்று வாங்கி வந்து வைத்திருக்கிறார். இப்போது ஞாயிறு விடிந்தால் அப்பா வாசலையே பார்க்கிறாராம்.

"தகராறுல பஸ்ஸு ஓடலன்னு நைனா கிட்ட சொல்லி வெச்சிக்கினு இருக்கேண்ணா. நீங்க எதனா லாரியில தொத்திக்கினு வந்தேன்னு சொல்லுங்க."

உள்ளே போய் அப்படியே சொன்னேன். செம்பைப் பற்றி வக்கீல் ஏதாவது சொன்னாரா என்று செங்கல்வராயன் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். அருமையான சாமான் என்று ஊரெல்லாம் சொல்கிறார் என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. "திருப்பதி, திருப்பதி" என்று கண்டக்டர் கூவுவது உள்ளே வரைக்கும் கேட்டது. தெய்வானை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

செங்கல்வராயன் வாசலிலிருந்து பார்வையைத் திருப்பினார். அப்புறம் குழறிக் குழறிச் சொன்னார்: "கல்லு வுடற நேரம்பா. யாரையும் அவசரப்படுத்தாதே. பஸ்ஸு வுட்டப்பறம் மெதுவா இட்டுக்கினு வா."

நம்பித்தான் சொன்னாரா? மகளுக்காகச் சொன்னாரா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊருக்கு வந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பஸ் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. மனுஷர் ஏங்கிப்போய் இருக்கிறார், ஒரு நடை வந்துவிட்டுப் போங்களேன் என்று மட்டும் கெஞ்சினேன். பாவம் என்று எல்லாருமே உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

போன செவ்வாய் சாயந்திரம் அவர் போய்விட்டார்.

புதன்கிழமை சங்கம் மொத்தமும் புத்தூரில் ஆஜர்! சித்தூர்க்காரர்கள்கூட வெயிலுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார்கள். வக்கீல் ஆளுயர மாலை ஒன்றைச் சாத்தினார். தெய்வானையிடம் போய், எது வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளும்மா, நாங்கள் இருக்கிறோம் என்றார்.

தெய்வானை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

"பஸ்ஸு வுட்டுட்டாங்களா சார்?"

வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பஸ்ஸா? அது எப்பவும் போலதானேம்மா ஓடிக்கினு இருக்கு" என்றார்.

சாவு வீட்டுக்குப் போக மட்டும் நம் எல்லாருக்கும் எப்படியோ முதல் பஸ்ஸே கிடைத்துவிடுகிறது!