வெள்ளைப் பூ உத்தரவு

அஞ்சல் வழியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தது என் திமிர். ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று கேட்காதவர்கள் இல்லை. இருத்தலியல் அறிமுகப் பாடத்தை நான் படித்தது திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே சர்க்கரையால் நைனாவின் கால் அழுகிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, நாளை மாலைக்குள் சந்தகம் போடுங்கள் என்று டாக்டர் காகிதத்தை நீட்டியிருந்தார். நைனா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்ததால் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பாடம் என்னைச் சும்மா விடவில்லை. கடவுள் இல்லை என்றவர்கள்தான் இதைத் தொடங்கினார்கள் என்று நினைத்திருந்தேன். வேர் தேவாலயத்தில் இருந்தது. கடவுளுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தனியாகத்தான் நிற்க வேண்டும், நமக்காகச் சபை முடிவெடுக்க முடியாது, அந்த நடுக்கம் இல்லாமல் விசுவாசம் இல்லை என்று நம்பிய ஒரு கிறிஸ்தவர்தான் முன்னோடியாம். பின்னால் வந்தவர்களில் சிலர் கடவுளை எடுத்துவிட்டு நடுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் இருந்தன, எரிச்சலும் சேர்ந்து. ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன், எழுந்து நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"நான் சந்தகம் போட மாட்டேன். கங்கம்மாகிட்ட பூ கேட்டுப் பாக்கலாம். அவ இன்னா சொல்றாளோ அதான்," என்றாள் அம்மா.

வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். மறுநாள் காலை, பக்கத்துத் தெருக் கங்கம்மா கோயிலில் பூசாரி பூக்கூடையை என் பக்கம் நகர்த்தி, மறைவாக இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னார். சிவப்பு அரளியைத் தொடவே இல்லை. இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். ஆபரேஷனில் நைனா போய்விட்டால் கொன்றது நான்தான் என்று தெரிந்தே மடித்தேன்.

அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள், அழுதாள், போய்க் கையெழுத்துப் போட்டாள். மற்றதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை.

நைனா பிழைத்தார். ஊருக்கு, குடிபாலா வீட்டுக்கு வந்த பிறகு, இல்லாத காலில் வலி எடுக்கும்போதெல்லாம் கங்கம்மாவைத் திட்டுவார். "உனக்கு என் காலுதான் கெடைச்சுதா?" என்று ஆரம்பித்தால் வாயில் வராத வார்த்தை இல்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்குச் சேர வேண்டிய வசவைச் சாமி வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"நைனா, அவளைத் திட்டாத. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன். காலை எடுக்கச் சொன்னது நான்."

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. சாமி சொல்லுச்சுன்னுதான் அவ துன்னுகினு தூங்கிகினு கீறா," என்றார்.

இப்போது வலி வந்தால், அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எனக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார். டீ இடைவேளையில் நானே திருப்பிக் கூப்பிடுகிறேன். பாவி, என் காலை எடுத்தவளே என்று தொடங்குவார். அவர் முடிக்கும்வரை கேட்கிறேன்.