பதினோரு வீட்டு ரோஜா

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு உலக அரசியல் ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் பெரியப்பா, எதிர்ப்பக்கம் மாமா. அப்பாவும் பெரியப்பாவும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமா அந்த அக்கா தங்கைக்கு ஒரே தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனி வேலை எட்டு மணி நேரம் என்றால் சங்க வேலை பதினாறு மணி நேரம் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். சோசலிசம், முதலாளித்துவம், உலக வர்த்தக ஒப்பந்தம் என்கிற சொற்களெல்லாம் எனக்கு எச்சில் இலை வாசத்தோடுதான் அறிமுகமாயின. நான் அப்போது நாலாம் வகுப்பு. இவர்கள் கத்துகிற கத்தலுக்கு இன்றைக்காவது கைகலப்பு நடக்கும் என்று ஆசையாகக் காத்திருப்பேன். ஒரு வாரமும் நடந்ததில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு ரோஜாச் செடி.

தேன்கனிக்கோட்டை போகிற சாலையில் எங்கள் ஊருக்குக் கிழக்கே பெரியப்பாவுக்கு நிலம் இருந்தது. ராகியும் தக்காளியும் போட்டுச் சலித்தவர், பத்திரத்தை பேங்கில் வைத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய பெரிய பாலிஹவுஸ் ஒன்று கட்டினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செடி கொடுத்தது. கொடுத்தது என்றால் விற்கவில்லை, வாடகைக்கு வீடு விடுவது மாதிரி விட்டிருந்தது. பூ பெரியப்பாவுக்கு, செடி அவர்களுக்கு. அதிலிருந்து ஒரு குச்சிகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது. போனால் மொத்தச் செடியையும் பிடுங்கிக் கொளுத்திவிட்டு ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார்கள். பெரியப்பா அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். செடி போனால் நிலமும் போகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும்கூடத் தெரியும்.

அந்த பாலிஹவுஸுக்குள் போக எனக்குப் பயம். ஆயிரக்கணக்கான மொட்டுகளுக்கு வெள்ளை வலையில் குல்லாய் மாட்டியிருப்பார்கள், மொட்டு விரியாமல் பெரிதாக வேண்டும் என்று. எனக்கு அவை முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற ஆட்களாகத்தான் தெரிந்தன. எல்லாம் ஒரே உயரம். தேனீ கிடையாது, வண்டு கிடையாது. மேலே ஓடுகிற குழாயிலிருந்து அவ்வப்போது புஸ்ஸென்று பனிமாதிரி தண்ணீர் இறங்கும். உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று நினைத்து முதல் நாளே அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். பூவோ கறுஞ்சிவப்பு, ஓரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு. முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே வராது. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு வைத்த பூ மறு வெள்ளிக்கிழமையும் அப்படியே இருக்கும். வாடத் தெரியாத அந்தப் பூவை எடுத்துப் போடவும் மனசு வராமல், வைத்திருக்கவும் பிடிக்காமல் அம்மா முழிப்பாள்.

அதற்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்காரர்களின் ஊர்க்காரி யாரோ ஒருத்தியின் பெயராம். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பெரியப்பாவைக் கேட்டேன். செத்துப் போய்விட்டாள் என்றுதான் நினைக்கிறேன் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பப் போய்விட்டார். அன்றையிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. இத்தனை ஆயிரம் பூவும் அவளுடையது என்றால், அவள் ஒரு நாள் கேட்டு வரமாட்டாளா?

மாமாவுக்கு இந்தப் பயமெல்லாம் இல்லை, கோபம்தான்.

"செடிய எவனும் செஞ்சுட முடியாது மாமா. மண்ணு, தண்ணி, வெயிலு எல்லாம் நம்முளுது. பேரு மட்டும் அவனுது. அதுக்கு வருசா வருசம் கப்பம் கட்டுறீங்க."

"ஒருத்தன் பத்து வருசம் ஒக்காந்து ஒட்டுக்கட்டி எடுத்திருக்கான் மாப்ள. அவனுக்குக் கூலி வேணாமா? நீ கூலி கேட்டாத்தான் கொடி புடிக்கணுமா?"

"கூலின்னா ஒரு தடவ வாங்கணும். இவன் சாவுற வரைக்கும் வாங்குறான்."

"நீ மட்டும் பென்ஷன் கேக்கலையா?"

இந்த இடத்தில் அப்பா சிரித்துவிடுவார். மாமா கோபத்தில் தண்ணீர் கேட்பார். பெரியம்மா சொம்போடு வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் பாலிஹவுஸில் கவாத்து செய்கிற நாளில், வெட்டிப் போட்ட குச்சிகளைக் குழியில் போட்டு எரிக்கிற வேலை பெரியம்மாவின் பொறுப்பு. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் நல்ல செடி இருந்தால் ஒரு குச்சி கேட்பார்கள். கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. அதிலும் வெள்ளிக்கிழமை வந்து கேட்டால் பேச்சே இல்லை, கொடுத்தே ஆகவேண்டும். ஒருத்தி வந்து கேட்டாள். பெரியம்மா எரிக்கப்போன குச்சியில் நாலை முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் கேட்டாள். பச்சைக் குச்சியை நெருப்பில் போடுகிற பாவத்துக்குக் கொடுத்துவிடுவது மேல் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் பதினோரு வீட்டுப் புறக்கடையில் அந்தச் செடி வேர் பிடித்தது. தினம் விடியுமுன் பாலிஹவுஸுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிற பெரியப்பா யார் வீட்டுப் புறக்கடைக்கும் போகிறவர் இல்லை.

மார்கழி பிறந்தது. எங்கள் பக்கத்து மார்கழிப் பனி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த வருசம் எல்லாச் செடியும் ஒரே வாரத்தில், சொல்லி வைத்தாற்போல் பூத்தன. வழக்கமாகக் கோலத்து நடுவில் சாணியில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். அந்த வருசம் பதினோரு வாசலிலும் கறுஞ்சிவப்பு ரோஜா. பால் வாங்கத் தெருவில் நடந்தால் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வரும். ஒரே நிறம், ஒரே அளவு. முதல் வீட்டில் பார்த்த பூவே எழுந்து முன்னால் போய் அடுத்த வீட்டில் உட்கார்ந்துகொள்கிறது என்று எனக்குத் தோன்றும். பால் தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு சேர்வேன்.

அப்படி ஒரு காலையில்தான் அவள் வந்தாள்.

பள்ளிக்கூடத்துச் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். தெருமுனையில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் மட்டும் கேட்டது. பனியிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைக்காரி, தலைமுடியும் வெள்ளை, கைகளில் வெள்ளைக் கையுறை. ஒரு கோலத்தின் முன்னால் நின்றாள். குனிந்து பூவைத் தொட்டாள். பிறகு அடுத்த கோலம். பிறகு அடுத்தது. நான் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டேன். அவளேதான், பெயருக்குச் சொந்தக்காரி.

பின்னால் வந்த பெங்களூர் டிரைவர் கன்னடத்தில் என்னிடம் நயமாகக் கேட்டார், இந்தப் பூவின் செடி எந்தெந்த வீட்டில் இருக்கிறது, இந்த அம்மாவுக்குக் காட்டுவாயா என்று. ஒப்பந்தம், வேலி, குச்சி எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் பொருளை அவளுக்குக் காட்டிவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், மறைத்தால் இங்கேயே இருந்துவிடுவாள் என்கிற ஒரே கணக்குதான். காட்டினேன். ஒவ்வொரு வீட்டு இடுக்கு வழியாகவும் புறக்கடைக்கு அழைத்துப்போனேன். செடியின் உயரம் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்னை நிற்கச் சொல்லிச் சின்னக் கேமராவில் படம் எடுத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போது நிற்பது போல. பதினோராவது வீட்டில் கையுறையைக் கழற்றிவிட்டு என் தலையில் கை வைத்தாள். அந்தக் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பனியில் யார் கையும் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அவள் செடி கொடுத்த கம்பெனியிலிருந்து பாலிஹவுஸைப் பார்வையிட வந்தவள் என்பதும், பனியில் வழி தெரியாமல் எங்கள் தெருவுக்குள் வந்தவள் என்பதும்கூடப் பின்னால் தெரிந்ததுதான்.

பொங்கல் முடிந்த வாரம் பெரியப்பாவுக்குத் தடிமனான ஓர் உறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே பிரித்தார். கடிதத்தைப் படித்தார், உள்ளே இருந்த வழவழப்பான அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எல்லோரும் அங்கேதான் இருந்தோம். செடிகள் வெளியே போன விவரத்தைச் சொல்லிவிட்டு, யார் அந்தக் கம்பெனிக்காரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தாங்க காட்டுனேன்" என்றாள் பெரியம்மா. "குடுத்ததும் நாந்தான். குச்சி கேட்டாங்க, குடுத்தேன்."

"அது நம்ம செடி இல்ல."

"நம்ம மண்ணுலதான வளந்துச்சு?"

மாமா பேசிய பேச்சையெல்லாம் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். பெரியப்பா எல்லாவற்றையும் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். சரி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாமா சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரோடு வந்துவிட்டார். வழக்குப் போடலாம், விவசாயியின் உரிமை, பாலிஹவுஸ் வாசலில் படுத்து மறிக்கலாம் என்றெல்லாம் சொன்னார். வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் தன் மாமனுக்காகப் போராட வந்திருந்தார், பாவம். பெரியப்பா எல்லோருக்கும் காபி வரவழைத்துக் கொடுத்து, நான் கையெழுத்துப் போட்டவன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். செடிகளைத் தன் கையாலேயே முதலில் பிடுங்கத் தொடங்கினார். மூன்று நாள் எரிந்தது. அத்தனை ரோஜா எரிந்தும் இலைப்புகை வாசம் தவிர வேறெதுவும் வரவில்லை. அடுத்த வருசம் நிலம் கைமாறியது. பெரியப்பா வேறொருவரின் பாலிஹவுஸில் சூப்பர்வைசராகச் சைக்கிளில் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார், சாப்பிடுவார், கிளம்பிவிடுவார். சோசலிசத்தைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

பெரியம்மாவிடம் பெரியப்பா பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் போட்டதைச் சாப்பிடுவார், எழுந்து போவார். அவள் என்னைக் குளிப்பாட்டும்போதும் தலை வாரும்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. பொய் சொன்னது பெரியம்மா, மாட்டியதும் பெரியம்மா என்று நிம்மதியாக இருந்தேன். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

பாலிஹவுஸ் செடிகள் எரிந்து முடிந்த மறுநாள் காலை, வெளியே போன செடிகளை வாங்கப் பெரியப்பா கிளம்பினார். கடிதத்தில் அதையும் கேட்டிருந்தார்கள். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் கைகூப்பிக் கேட்டு, தானே தோண்டி, வேரோடு எடுத்துச் சாக்கில் போடவேண்டும். அந்தத் தெருவில் அவர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"நீ முன்னால போ சாமி" என்றார். "எந்தெந்த வூடுன்னு ஒனக்குத்தான் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய வேலைக்கு அம்மாவை விட்டு, அப்பாவை விட்டு, என்னைக் கூப்பிட்டிருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. துள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஒரு வீட்டையும் விடாமல், வரிசை மாறாமல், பதினோரு வீட்டையும் காட்டினேன். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு வாசலில்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.