பீடத்துக் கூரையில் கைவைத்தவன்

விதர்விக்கில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஹேமோவைத்தான் கூப்பிடுவார்கள். ஏணியும் சுத்தியலும் தவிர அவனுக்குச் சொத்து கிடையாது, வாயும் கிடையாது. அப்படி ஒரு ஆள் இருப்பது ஊருக்கு எப்போதும் வசதி.

கோயில் கூரையில் மட்டும் அவனுக்குப் பாதி வேலைதான். ஜனங்கள் நிற்கும் பக்கம் ஊருடையது, சாமியார் பூசை வைக்கும் பீடத்துப் பக்கம் துறவிகளின் மடத்துடையது. எந்தக் காலத்திலோ ஒரு பிரபு தன் ஆத்துமா கரையேறக் கோயிலை மடத்துக்கு எழுதிவைத்தார். அன்றிலிருந்து ஊர் விளைச்சலில் பத்தில் ஒன்று மடத்துக் களஞ்சியத்துக்குப் போகிறது. பதிலுக்கு மடம் ஒரு சாமியாரை அனுப்ப வேண்டும், பீடத்துக் கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சத்தில் அடிபட்ட ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். கூரையை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதிர்க்கட்டு எண்ணும்போது மட்டும் அந்தப் புண்ணியவான்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

ஹேமோவின் தாய் இறந்தாள். அடக்கப் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தியபோது மேலிருந்து தண்ணீர் சொட்டி மெழுகுவர்த்தி அணைந்தது. ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. அம்மாவை இருட்டில் அனுப்பிவிட்டோமே என்று அவனுக்கு ஆறவில்லை. மறுநாள் யாரையும் கேட்காமல் ஏணியைச் சாத்தி ஏறி, பெயர்ந்து கிடந்த ஈயத் தகடுகளைச் சேர்த்து ஆணியடித்தான்.

நல்லதுக்குக் காலமில்லை. மடத்துக் காரியஸ்தர் புது ஆணிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பேஷ்! ஊரே பாத்துக்கிட்டீங்களா? இனிமே அதான் வழக்கம். பீடத்துக் கூரையும் உங்க பொறுப்புதான்."

வழக்கம் என்று ஒன்று விழுந்துவிட்டால் பேரன் காலத்திலும் எழுந்திருக்காது. ஆயரின் விசாரணையாளர் வந்து கோயில் வழக்குகளைத் தீர்க்கும் நேரம். காரியஸ்தர் சொன்னதற்கு அவர் ஆம் என்று சொல்லிவிட்டால் விதைத் தானியத்தை விற்றுத்தான் ஈயம் வாங்க வேண்டும். ஊர் சார்பில் கோயில் காரியங்களைப் பார்க்கும் ஆஸ்பெர்ட் ஹேமோவின் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீதான் மாட்டிவிட்ட. நீதான் எடுத்துவிடணும்."

"நானாவே செஞ்சதுன்னு சத்தியம் பண்றேண்ணே. ஊருக்குச் சம்பந்தமில்லன்னு சொல்லிடுறேன்."

"ஊர்க் கூரைக்காரன் செஞ்சா ஊர் செஞ்ச மாதிரிதான்னு அந்த மடத்து நரி வாதாடுவான். திருடப் போனேன்னு சொல்லு. ஈயத்தைப் பெயர்த்தேன், ஆள் சத்தம் கேட்டுச்சு, பயந்துபோய்த் திரும்ப அடிச்சுட்டேன்னு சொல்லு. திருட்டு எந்த ஊர்லயும் வழக்கமாகாது."

மனைவி இசோல்டா அடுப்படியிலிருந்து வெடித்தாள். "ஏன், நீங்க போய்ச் சொல்றது! உங்களுக்கு ஏணி ஏறத் தெரியாதாக்கும்?"

"உண்மை ஊருக்கே தெரியும்மா. உன் புருசனை யாரு திருடன்னு சொல்லப்போறா? செத்தாலும் இதை மறக்கமாட்டோம்."

விசாரணையாளர் முன்னால் ஹேமோ சுவிசேஷப் புத்தகத்தில் கைவைத்துச் சொன்னான். தாய்க்காகச் செய்ததை, தாயின் கல்லறை கண்ணில் படும் இடத்தில் நின்று, திருட்டு என்றான். பொய்ச்சத்தியம் நரகத்தில் தள்ளும் என்று அவனுக்குத் தெரியும். தண்டனையாக, வெறுங்காலும் ஒற்றைச் சட்டையுமாக, கையில் மெழுகுவர்த்தியோடு மூன்று ஞாயிறு கோயிலைச் சுற்றிவந்தான்; சாமியார் பின்னாலேயே வந்து பிரம்பால் அடித்தார். முதல் ஞாயிறு பெண்கள் அழுதார்கள். மூன்றாம் ஞாயிறு பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஊர் தப்பியது. மடமும் தன் கூரையைப் பழையபடி மறந்தது. அடுத்த குளிர்காலத்தில் ஆணிகள் கழன்றன. யாரும் தொடவில்லை.

பிறகு ஹேமோவைக் கூரை வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. பக்கத்து ஊர்க்காரன் கை சுத்தமாம். புதுமருமகள்கள் அவன் தெருவில் வந்தால் கோழியை உள்ளே விரட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சில வருடம் கழித்து ஆஸ்பெர்ட்டின் கலப்பைக் கொழு காணாமல் போனது. இரண்டு பேரோடு ஹேமோவின் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காத தம்பி. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுறோம்."

"அண்ணே, அந்தத் திருட்டை என் வாயில வச்சதே நீங்கதான?"

"நானா?" ஆஸ்பெர்ட் புரியாமல் அவனைப் பார்த்தார். "நான் என்னப்பா சொன்னேன்? நீதான சாமி முன்னால ஒத்துக்கிட்ட?"

ஹேமோ அந்த முகத்தில் கள்ளத்தைத் தேடினான். துளியும் இல்லை. மனுஷன் உண்மையாகவே மறந்துபோயிருந்தார்.

அவன் கதவை விட்டு விலகி வழிவிட்டு நின்றான்.