பத்துப் பேருக்குப் பதில்

என் கணவர் யூதர். ஆரையம்பதியில் வேறு யூதர் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. படிக்கப் போன நாட்டில் அவரைக் கட்டிக்கொண்டு நான் ஊர் திரும்பியபோது, "வேதக்காரரா, இல்லாட்டி அதுக்கும் முந்தின வேதமா?" என்று அண்ணன் கேட்டார். கிறிஸ்தவத்துக்கும் முந்தினது என்றேன். பழசு என்றால் அண்ணனுக்குத் தனி மரியாதை. அன்றே மச்சானைப் பிடித்துப்போயிற்று.

கணவரின் அம்மா தூர தேசத்தில் இறந்து ஒரு வருடம் வந்தது. யூதர்கள் உடலை வைத்திருப்பதில்லை. இவருக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. பெற்றவர்களுக்காக மகன் சொல்லவேண்டிய பிரார்த்தனை ஒன்று உண்டு. அதற்குத் தன்னோடு சேர்த்துப் பத்து யூத ஆண்கள் வேண்டும். மற்றவர்கள் 'ஆமென்' என்று பதில் சொல்ல வேண்டும். இந்த வாவிக்கரையில் பத்துப் பேருக்கு எங்கே போவது?

ஆண்டு நினைவு அவர்கள் மாதத்தின் பத்தாம் நாளில் வந்தது. அமாவாசை கழிந்து பிறக்கிற மாதம் என்றதும் அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "வளர்பிறைத் தசமி! நம்மட கணக்குத்தான்." வாக்கியமா திருக்கணிதமா என்று வருடா வருடம் கோயிலில் சண்டை பிடிக்கிறவருக்கு மூன்றாவதாக ஒரு பஞ்சாங்கம் கிடைத்த சந்தோஷம். மறுநாள் திவசச் சமையலுக்கென்று முதல்நாள் பொழுதுபடும் நேரம் பூசணிக்காயோடு வந்துவிட்டார். வீட்டில் அவர் அம்மாவின் நினைவு மெழுகுதிரி ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஒரு நாள் முந்திற்றீங்க."

"எங்களுக்குப் பொழுதுபட்டா அடுத்த நாள் துவங்கிடும்."

"விடியாமலே நாளா? சரி, நாளைக்குச் சாப்பிடுவீங்கதானே?"

"நாளைக்கு நான் விரதம்."

அண்ணன் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

"அப்ப அந்த மந்திரத்தையாவது சொல்லுங்க."

"ஆமென் சொல்லப் பத்துப் பேர் வேணும்."

"நம்மட கோயில் சபையில பதினஞ்சு பேர் இருக்கிறாங்க. பத்துப் பேர் ஒண்டாச் சேர்ந்தா அதுக்குப் பேர் சண்டை. அந்தப் பத்துப் பேருக்கும் பதிலா நான் ஒராள் காணாதா? ஆமென் எண்டா என்ன?"

"ஓம், அப்படியே ஆகட்டும் எண்டு சொல்ற மாதிரி."

"ஓம் சொல்லவா எனக்குத் தெரியாது!"

பத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் எழுந்து நின்றார். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். இவர் நிறுத்திய இடத்திலெல்லாம் அண்ணன், பிள்ளையாருக்குச் சொல்லும் அதே குரலில் "ஓம்" என்றார். மூன்றாவது ஓமில் இவர் உடைந்து அழுதார்.

அண்ணன் பயந்துபோனார். "பிழையாச் சொல்லிற்றனா, மச்சான்?"

"இல்ல. ஒரு வருசமா நான் தனியச் சொல்றன். ஒருத்தரும் பதில் சொல்லல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விடியற்காலைகளில் கிணற்றடியில் அவர் முணுமுணுப்பதைக் கேட்டு, "தமிழ் பாடமாக்கிறீங்களோ?" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தவள் நான்தான்.